கொஞ்சமாய்ச் செய்யத் தெரியாதவர்

யப்பான் மாமாவிடம் யாராவது "கொஞ்சம்" என்று சொன்னால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

"கொஞ்சம் எண்டா எவ்வளவு? சொல்லு பாப்பம்."

கேலி இல்லை. தெரியாமல்தான் கேட்பார். மாமி கொஞ்சம் பச்சைமிளகாய் வாங்கிவரச் சொன்னால் சைக்கிள் கரியரில் ஒரு உரப்பை நிறைய வரும். வேலியைக் கொஞ்சம் அடைக்கச் சொன்னால் எங்கள் வளவு வேலியையும் சேர்த்து அடைத்துவிட்டு, அதற்கு அப்பால் இருப்பவரோடு எல்லைச் சண்டையில் நிற்பார். கதையும் அப்படித்தான். பஸ் போய்விட்டதா என்று கேட்டவருக்கு, போன பஸ்ஸின் பின்ரயர் தேய்ந்திருந்தது வரைக்கும் சொல்லி, அடுத்த பஸ்ஸையும் தவறவிட வைப்பார்.

இப்போது அவர் வவுனியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு நிற்கிறாராம். அது அவருக்குச் சரிவரும். கடையில் யாரும் கொஞ்சமாய்ச் செய்யச் சொல்ல மாட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் தனியாய், போனைப் பார்த்து, நாலு பேருக்கு அளவாய்க் கியோசா செய்தேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. தட்டைக் கழுவும்போது ஏனோ எரிச்சலாய் இருந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

கண்டாவளைப் பக்கம், எங்களுக்கு அடுத்த வளவு அவருடையது. சொந்தக்காரர் இல்லை. ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் மாமா. மகள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி யப்பானுக்குப் போய், விசா முடிந்து, அகதி மனு தள்ளுபடியாகி, ஒளித்து ஒளித்து ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கக் குசினியில் கியோசா மடித்தவர். அங்கிருந்து அவரைப் பிடித்து ஏற்றி அனுப்பியபோது மகள் பள்ளிக்கூடமே முடித்துவிட்டிருந்தாள். அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

கியோசா என்றால் என்னவென்று ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். கோதுமை மாவைக் குழைத்து மெல்லிய வட்டமாய் உருட்டி, முட்டைக்கோவாவும் இறைச்சியும் வைத்து, அரைவட்டமாய் மடித்து, ஓரத்தைச் சேலைக் கொய்யகம்போல் மடித்து அழுத்த வேண்டும். தாச்சியில் அடுக்கி அடிப்பக்கத்தை மட்டும் முறுக விட்டு, பிறகு தண்ணீர் ஊற்றி மூடி ஆவியில் வேகவிட வேண்டும். மேலே வெள்ளையாய்ப் பஞ்சுபோல் இருக்கும், கீழே பொன்னிறமாய் மொறுமொறுவென்று இருக்கும். கடைகளில் பொரித்து விற்கிற பற்றீஸ்போல் இருந்ததால் ஒழுங்கைக்காரர் அதற்கு வைத்த பெயர் யப்பான் பற்றீஸ். "பாதி வெந்த பற்றீஸ்" என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள். அவர்களும் சாப்பிட்டார்கள்.

அவர் வந்து இறங்கியபோது நான் உயர்தரம் எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் கிளிநொச்சியில் யப்பான் மொழி வகுப்பில் சேர்ந்திருந்தேன். பராமரிப்பு வேலைக்கோ படிக்கவோ, எப்படியாவது போய்விட வேண்டும் என்ற அவா. அடுத்த வளவிலேயே யப்பானிலிருந்து ஒரு மனிதர் வந்து விழுந்தால் விடுவேனா? முதல் ஞாயிறே கொப்பியும் பேனையுமாய் அவர்கள் குசினிக்குள் நுழைந்துவிட்டேன்.

"மாமா, நாலு பேருக்கு ஒரு கோப்பை மா எண்டு போட்டிருக்கு," என்று போனைக் காட்டினேன்.

"ஒரு கோப்பை மாவிலை கையையும் கழுவேலாது."

"நாலு பேருக்குத்தானே?"

"ஐஞ்சாமாள் வந்தா?"

மாமி அடுப்படியிலிருந்து, "ஐஞ்சாமாள் இல்லை, அம்பதாமாள் வந்தாலும் மிஞ்சும். இந்த மனுசன் வந்ததோட என்ரை குசினி போச்சு பிள்ளை. கல்யாண வீட்டுக்காரன் மாதிரி நிக்கிறார்," என்பா.

கோவாவை அரிந்து உப்புப் பிரட்டி, பழைய வேட்டித் துண்டில் கட்டி முறுக்கிப் பிழிவார். பிழிந்த தண்ணீர் வாளியில் விழும். கோழியைக் கொத்தி, இஞ்சி, உள்ளி, வெங்காயத்தாள் போட்டு ஒரே பக்கமாய்ப் பிசைவார். அங்கத்தைய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, வாசம் வேறு என்று சொல்லி, முத்தையன்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த எள்ளை வறுத்து, இடித்து, நல்லெண்ணெயில் ஊறப்போட்டு வைத்திருப்பார். அதுவும் போத்தலில் இல்லை, பானையில். சோடாப் போத்தலால் உருட்டுவார். மடிக்கும்போது கையைப் பார்க்கவே மாட்டார். பார்வை கூடத்துப் பக்கம் இருக்கும். அங்கேதான் அக்கா கதிரையில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அக்கா ஒன்றை எடுத்து வாயில் வைக்க வேண்டும்.

முதல் தாச்சி இறங்கியதும் முதல் தட்டு கூடத்து மேசைக்குப் போகும். அக்காவின் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சுடச்சுடத் தின்ன வேணும்," என்று மேசைக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு வருவார். அக்கா மரியாதை தெரிந்தவள். தட்டைத் தள்ள மாட்டாள், முகம் சுளிக்க மாட்டாள். இரண்டாவது தாச்சி இறங்கும்போது அது ஆறிப்போய் அங்கேயே இருக்கும். மாமி அதைத் தூக்கி வந்து ஒரு கிண்ணத்தில் கொட்டி, "கொண்டுபோ பிள்ளை, அம்மாவுக்கும் குடு," என்று என்னிடம் தருவா. எங்கள் வீட்டுக்கும் ஒழுங்கைக்கும் வந்து சேர்ந்த கியோசா எல்லாம் இப்படி ஆறியதுதான். அக்கா தின்னாததைத்தான் நாங்கள் எல்லோரும் தின்றோம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

அக்கா அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். ஆள் வந்தால், "இஞ்ச, ஆக்கள் வந்திருக்கினம்." சாப்பாடு என்றால், "போட்டுக் கிடக்கு." அப்பா என்ற சொல் வர வேண்டிய இடத்தை லாவகமாய்ச் சுற்றிக்கொண்டு போய்விடுவாள். அவர் வந்த அன்று பெட்டியைத் திறந்தாராம். ஒரு பெட்டி முழுக்க அழிறப்பர். மீன்போல், பழம்போல், கேக்போல் செய்த சின்னச் சின்ன அழிறப்பர்கள். அவர் மனதில் இருந்த மகளுக்கு அது சரியான சாமான். அக்கா அப்போது சேலை கட்டிக் கோயிலுக்குப் போகிற பிள்ளை.

"தாங்ஸ்," என்று ஒன்றை எடுத்துக்கொண்டாளாம். "ஒண்டு காணும்."

மிச்சம் பெட்டியோடு ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. இன்றைக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யப்பான் அழிறப்பரால்தான் பிழையை அழிக்கிறார்கள்.

அவரிடம் யப்பான் மொழி பழகலாம் என்று போன என் எண்ணம் என்ன ஆனதென்றும் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு இருபது முப்பது சொல் தெரியும். அதை அருவிபோல் சொல்வார். வகுப்பில் ஒருநாள், ஒருவரை விரைவாய்ச் செய்யச் சொல்வது எப்படி என்று ரீச்சர் கேட்டா. நான் கையை உயர்த்தி, முழுக் குரலில், "ஹயாக்கு ஷிரோ!" என்றேன்.

ரீச்சரின் முகம் மாறிவிட்டது.

"உது ஆர் உமக்குச் சொல்லித் தந்தது?"

"அங்கை இருந்து வந்த ஆள், ரீச்சர்."

"உது மனுசரைப் பாத்துச் சொல்லுற கதை இல்லை. மாட்டை அடிச்சுக் கலைக்கிற மாதிரி. இனி வாய் திறந்து சொல்லக்கூடாது."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் அந்தச் சூட்டோடு வந்து மாமாவிடம் சண்டை பிடித்தேன். அவர் மா உருட்டுவதை நிறுத்திவிட்டு, உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்.

"அப்ப வேற எப்பிடிச் சொல்லுறது?"

நான் மரியாதையான வடிவத்தைச் சொல்லிக் காட்டினேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "நல்லா இருக்கு," என்றார். "கேள்விப்படேல்லை." அவ்வளவு வருடமும் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு ஒரு ஞாயிறு. வழக்கம்போல் பேசின் நிறைய மடித்து அடுக்கியிருந்தார். மாமி அதைப் பார்த்துத் தலையில் கைவைத்தா.

"இவ்வளவையும் ஆர் தின்னுறது? அங்கையும் இப்பிடித்தானோ? மிஞ்சினதை என்ன செய்தனீங்கள்?"

"மிஞ்சினா கொட்டிறதுதான்," என்றார் மாமா. கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். அதோடு நின்றிருக்கலாம். "அண்டண்டைக்குச் செய்தது அண்டண்டைக்கு முடிய வேணும். அடுத்த நாளைக்கு வைக்கேலாது. முதலாளி எங்களையும் வீட்டை கொண்டுபோக விடமாட்டான், பிறகு வேணுமெண்டே மிச்சம் வைப்பாங்கள் எண்டு. கறுத்தப் பை இருக்கு. அதுக்கை போட்டு இறுக்கிக் கட்டி, பின்னுக்கு வைக்கிறது. விடியக் குப்பை லொறி வந்து எடுக்கும். துப்புரவெண்டாத் துப்புரவு."

கூடத்துக் கதிரை நகர்ந்த சத்தம் கேட்டது. அக்கா குசினி வாசலில் வந்து நின்றாள். அவள் அவரை நேரே பார்த்து ஒரு கேள்வி கேட்டதை அன்றுதான் முதன்முதலில் கண்டேன்.

"அந்த வருசமும் கொட்டினீங்களோ?"

எந்த வருடம் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் ஒரே ஒரு வருடம்தான், சண்டை முடிந்த வருடம். அந்த வருடம் அக்காவுக்கு ஆறு வயது. மாமி அவளைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து கடற்கரை வரைக்கும் இடம்பெயர்ந்து ஓடியவ. பதுங்குகுழிக்குள் பிள்ளை பசியில் மணலை எடுத்து வாயில் போட்டதை மாமி எங்கள் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறா. எனக்கு அந்த வருடம் நினைவில்லை, எனக்கு நாலு வயதுதான். அக்காவுக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

மாமா மடித்ததைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பொய் சொல்லியிருக்கலாம். இல்லை என்றோ, அப்போது வேறு வேலை என்றோ. எங்களில் யாரும் போய்ப் பார்த்தோமா?

"ஓம் பிள்ளை," என்றார்.

அதோடாவது நின்றிருக்கலாம்.

"ஒவ்வொரு நாளும். அந்த வருசம் நல்ல வியாபாரம். கூடச் செய்தது, கூட மிஞ்சினது. பை கிழிஞ்சு போகுமெண்டு ரெண்டு பை போட்டுக் கட்டுவன். நீங்கள் இருக்கிறியளோ இல்லையோ எண்டு தெரியாது. போன் இல்லை, ஒண்டும் இல்லை. நான் கட்டிக்கொண்டே இருந்தனான்."

அக்கா தலையாட்டினாள். கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள் தலையாட்டுவார்களே, அப்படி. பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

மாமி அடுப்பைத் தணித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஓம் எண்டதோட நிப்பாட்டியிருக்கலாமே, மனுசன்," என்றா. "அந்த ரெண்டு பைக் கதை ஆர் கேட்டது?"

"கேட்டாளே."

"அவள் அதைக் கேக்கேல்லை."

அடுத்த ஞாயிறு அவர் செய்ய மாட்டார் என்று நினைத்தேன். செய்தார். முந்தியதைவிடக் கூடச் செய்தார். எனக்கு அவரில் கோபம் வந்தது. எந்த மனிதனுக்கும் எங்கேயாவது கை ஓய வேண்டாமா? முதல் தட்டு அன்றும் கூடத்து மேசைக்குப் போனது. அன்றும் ஆறியது. அதற்குப் பிறகு அக்கா ஞாயிறுகளில் சிநேகிதி வீட்டுக்குப் போகத் தொடங்கினாள்.

அக்காவின் கல்யாணம் மல்லாவியில் பேசி முடிந்தது. தாரை வார்க்கும்போது தகப்பனின் கையில் மகள் கை வைக்க வேண்டுமே. ஆசுப்பத்திரியில் ஊசி போடக் கை நீட்டுவதுபோல் நீட்டினாள், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு. மாமா அந்தக் கையைத் தேவைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயர் இரண்டு தரம், "விடுங்கோ, காணும்," என்றார்.

தலைப்பிள்ளைப் பேறுக்கு அக்கா தாய்வீட்டுக்கு வந்தாள். அவள் இன்னும் அங்கே இருக்கும்போதே பிள்ளைக்குப் பல் முளைத்தது. ஆண்பிள்ளை, கீழே ஒரு அரிசிமணிபோல். பல்லுக்கொழுக்கட்டை கொட்ட மல்லாவியிலிருந்து சம்பந்தியம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் வருவதாய் ஏற்பாடு. இது எங்கள் பக்கத்தில் பெரிய சடங்கில்லை. ஆனால் பெண்களுக்கு முக்கியம். வறுத்த அரிசிமாவில் பயறும் சர்க்கரையும் வைத்து அரைவட்டமாய்ப் பிடித்து, ஓரத்தில் சின்னதாய் வெட்டிய தேங்காய்ச் சொட்டைப் பல்வரிசைபோல் குத்தி, அவித்து, பிள்ளையைப் பாயில் இருத்தித் தலைக்கு மேலிருந்து கொட்டுவார்கள். கொழுக்கட்டை எப்படியோ பல்லும் அப்படி என்று ஒரு நம்பிக்கை. வெள்ளையாய், வரிசையாய்.

அந்த நேரம் பார்த்து மாமி கிணற்றடியில் வழுக்கி விழுந்து கைக்கு மாவுக்கட்டுப் போட்டிருந்தா.

"ஒரு கையால எப்பிடிப் பிடிக்கிறது?" என்று மகளிடம் கேட்டா. "அப்பா பிடிப்பார் பிள்ளை. உந்த மடிப்பு அவருக்குக் கைவந்தது."

அக்கா பிள்ளைக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். கடைசிப் பொத்தானையும் பூட்டி முடித்தாள்.

"செய்யட்டும்," என்றாள். "ஆனாக் கனக்க வேண்டாம். ஒரு சின்னச் சட்டி காணும்."

அந்தச் "செய்யட்டும்" மாமாவுக்கு எப்படி இருந்ததென்று நான் பார்த்தேன். போட்டிருந்த சேட்டைக் கழற்றி வேறு சேட்டுப் போட்டு வந்தார். குசினிக்கு நல்ல சேட்டுப் போட்டு வந்த மனிதர். அரிசிமா கோதுமைமாபோல் வளையாது, வெடிக்கும். நாலைந்து உடைந்தன. பிறகு கொதிதண்ணீரைக் கூட்டிக் குழைத்துப் பிடித்துவிட்டார். அவருடைய அந்தக் கொய்யக மடிப்பு, அதன் நுனியில் தேங்காய்ச் சொட்டு. நான் சும்மா சொல்லவில்லை, அப்படி வடிவான பல்லுக்கொழுக்கட்டையை நான் கண்டதில்லை. அன்று அவர் கூடுதலாய்ச் செய்யவில்லை. ஒரு சின்னச் சட்டிக்கு அளவாய்த்தான் பிடித்தார்.

"மாமா, அளவாச் செய்திருக்கிறியளே!" என்றேன்.

"அவள் சொன்னவள்," என்றார்.

கொழுக்கட்டையைப் பானையில் அவிய வைத்துவிட்டு, என்னைச் சந்திக்கு வாழைப்பழம் வாங்க அனுப்பினார்கள். மாமி சேலை உடுக்கப் போய்விட்டா. நான் திரும்பி வந்தபோது குசினியிலிருந்து நல்லெண்ணெய் வாசம் வந்தது. அவித்த கொழுக்கட்டை முழுவதும் தாச்சியில் வரிசையாய் இருந்தது. அடிப்பக்கம் முறுகி, பொன்னிறத்தையும் தாண்டிக் கபில நிறத்துக்கு வந்திருந்தது.

"மாமா! இதென்ன செய்தனீங்கள்?"

"அவிச்சது சப்பெண்டு கிடந்துது பிள்ளை. அடி முறுகினாத்தான் வாய்க்கு நல்லாருக்கும். முறுகினா ஒண்டு எடுப்பாள்."

பல்லுக்கொழுக்கட்டையைப் பொரிக்கக்கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? அதை யார் பொரிப்பார்கள்? இங்கே ஆண்கள் அந்த நேரம் முற்றத்தில் கதிரை போட்டு இருப்பார்கள். சொந்த மகளுக்குக் கொட்டியபோது அவர் கப்பலிலோ விமானத்திலோ இருந்தார். என்ன செய்வதென்று நான் யோசிப்பதற்குள் வாசலில் ஓட்டோ வந்து நின்றுவிட்டது.

சம்பந்தியம்மா வாயாடி. பொல்லாதவ என்று சொல்லமாட்டேன், ஆனால் எதையும் வாய்க்குள் வைத்திருக்க மாட்டா. பாயில் பிள்ளையை இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்தாயிற்று. சட்டியை வாங்கியவ, ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தா.

"ஐயோ, இதென்ன? சூத்தைப் பல்லோ?"

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள்.

"என்ரை பேரனுக்கு முளைக்கேக்கையே கறுத்துப்போச்சோ? பாருங்கோவன், எல்லாம் அடி கருகிக் கிடக்கு. தாய்வீட்டிலை ஆரம்மா சுட்டது? சம்பந்தி, உங்கடை கைக்குத்தானே கட்டு, கண்ணுக்குமோ?"

மாமி வாயைத் திறந்தா. அதற்கு முதல் அக்கா தன் மாமியாரிடம் சொன்னாள், எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், சிரித்துக்கொண்டே.

"கடையிலை சொல்லி எடுத்தது மாமி. கிளிநொச்சியிலை. அம்மாவுக்குக் கை ஏலாதெல்லே. அவங்கள் பழுதாக்கிப் போட்டாங்கள்."

குசினிக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு சீலைதான். மாமா அந்தப் பக்கம் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றுகிற சத்தம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

அக்கா என்னைப் பார்த்து, "கத்தி கொண்டு வா," என்றாள். ஒரு பழைய பேப்பரை விரித்து, பாயருகில் இருந்து, ஒவ்வொன்றாய் எடுத்து அடிப்பக்கத்தைச் சீவினாள். முறுகிய தோல் பேப்பரில் விழ, வெள்ளைப் பக்கம் சட்டிக்குள் போனது. மடிப்பு ஒன்றும் கலையவில்லை. அவ்வளவு கவனமாய்ச் சீவினாள். யாரும் அவளுக்கு உதவப் போகவில்லை.

பிறகு சம்பந்தியம்மா கொட்டினா. கொழுக்கட்டை துணியில் பட்டு உருண்டு பிள்ளையின் மடியில் விழுந்தது. பிள்ளை ஒன்றைப் பிடித்துக் கசக்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். நல்ல வெள்ளைப் பல் வரப்போகிறது என்றார்கள்.

கொட்டி முடிந்த களைப்பில் சம்பந்தியம்மா பாயில் சரிந்து இருந்து கதைத்துக்கொண்டே, பேப்பரில் கிடந்த சீவலில் ஒன்றைத் தூக்கி வாயில் போட்டா. பிறகு இன்னொன்று. கதை நின்றது.

"எட, இது நல்லாக் கிடக்கே! இஞ்ச, தின்னுங்கோ, தின்னுங்கோ." பேப்பரை மற்றப் பெண்களிடம் தள்ளினா. "உள்ளுக்கு இனிப்பு, வெளியாலை மொறுமொறு. பல்லுக்கு ஆகாது, வாய்க்கு நல்லது. எந்தக் கடை பிள்ளை? மகளின்ரை பிறந்தநாளுக்கு நாங்களும் சொல்லி எடுப்பம்."

அக்கா பிள்ளையின் தலையில் ஒட்டியிருந்த தேங்காய்த் துண்டைத் தட்டிவிட்டாள்.

"அந்தக் கடை பூட்டியாச்சு மாமி."

"எப்ப?"

"கனகாலம்."

"கனகாலமோ? இண்டைக்கு எடுத்தது எண்டாய்?"

அக்கா பிள்ளையைத் தூக்கி மடியில் இருத்தினாள். அந்த நேரம்தான் மாமா சீலையை விலக்கிக்கொண்டு தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தார். நல்ல சேட்டில், நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் மா. சம்பந்தியம்மா அவரைப் பிடித்துக்கொண்டா.

"நீங்கள் சொல்லுங்கோ அண்ணை. உங்களுக்குத் தெரியுமே அந்தக் கடை?"

மாமியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இந்த மனிதரிடம் ஒரு கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அரிசிமா வெடித்ததிலிருந்து தொடங்குவார். அக்காவும் அவர் முகத்தை நேரே பார்த்தாள். பயந்து போயிருந்தாள்.

"ஓம்," என்றார் மாமா. "பூட்டினது இண்டைக்குத்தான்."

இன்னும் சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தோம். அவர் குனிந்து தட்டை நீட்டினார்.